ஆறு டார்ப்பிடோக்கள்: யூ-9 நீர்மூழ்கியின் போர்க்கால வரலாறு

நம் முன்னோர் பேச்சு வழக்கில் ‘எம்டன்’ என்றொரு சொல் இருந்தது. எவர் கைக்கும் எளிதில் அகப்படாத சூழ்ச்சிக்காரரையும், கண்டாலே பிறர் நடுங்கும் கண்டிப்புக்காரரையும் அச்சொல்லால் சுட்டினர். வகுப்பறைகளில் ஆசிரியப் பெருமக்கள் சிலருக்கும் இப்பெயர் சூட்டப்பட்டிருக்கக்கூடும். அதனை மாணவர்களே அறிவர். சொல்லின் பிறப்பு நாம் அறிந்ததே. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு பொழிந்தது. அதே கப்பல் அக்டோபர் 28ஆம் நாள் விடியலில் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, ‘ஜெம்சுக்’ என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதில் மாண்ட ரஷ்ய மாலுமிகளுக்கான நினைவுச்சின்னத்தை இன்றும் பினாங்கின் மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் காணலாம்.

ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், எம்டனுக்கு இரும்புச் சிலுவை விருதை வழங்கினார். மாலுமிகளுக்குத் தனித்தனியே வழங்கியதன்றி, கப்பலுக்கே வழங்கிய சிறப்பு அது. முதல் உலகப் போரில் அப்பேரரசரிடமிருந்து இச்சிறப்பைப் பெற்ற கலங்கள் இரண்டே. ஒன்று எம்டன். மற்றொன்று யூ-9 என்னும் சிறிய நீர்மூழ்கி. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண் மட்டுமே உண்டு. சென்னையில் குண்டு விழுந்த அதே நாளின் காலையில், ஐரோப்பாவின் வடகடலில் அந்நீர்மூழ்கி மூன்று பெரும் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. அதன் வரலாறே இப்பொழிவின் பொருள்.

முதலில் கலத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஜெர்மானியர் நீர்மூழ்கியைக் ‘கடலடிப் படகு’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அச்சொல்லின் முதலெழுத்தே ‘யூ’ ஆயிற்று. தமிழில் நாம் வழங்கும் ‘நீர்மூழ்கி’ என்னும் சொல், அக்காலக் கலங்களுக்கு இன்னும் பொருத்தமானது என்பது எம் கருத்து. ஏனெனில் அவை கடலுக்கு அடியிலேயே வாழ்ந்தவை அல்ல. பெரும்பாலும் நீரின்மேல் ஓடி, தேவை நேர்ந்தபோது சில மணி நேரம் மூழ்கி, மீண்டும் எழுந்தவை. மூழ்கியிருக்கையில் அவற்றை ஓட்டியது மின்கலங்களில் சேமித்த மின்சாரம். அது தீர்ந்தால் மேலே வந்தே ஆகவேண்டும்.

யூ-9, டான்சிக் நகரின் அரசுக் கப்பல் கட்டுந்தளத்தில் உருவாகி 1910 பிப்ரவரி 22ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 57.4 மீட்டர், எடை, நீரின்மேல் 493 டன். முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு டார்ப்பிடோக் குழாய்கள். டார்ப்பிடோ என்பது நீருக்குள் தானே ஓடிச் சென்று கப்பலின் அடிப்பகுதியில் மோதி வெடிக்கும் கணை. அக்கலத்தில் ஆறு கணைகளே இருந்தன: குழாய்களில் நான்கு, கையிருப்பாக இரண்டு.

நீரின்மேல் ஓடுவதற்கு மண்ணெண்ணெய் எந்திரங்கள் இருந்தன. பெட்ரோல் ஆவி மூடிய கலத்துக்குள் தீப்பற்றும் என்ற அச்சத்தால் ஜெர்மானியக் கடற்படை மண்ணெண்ணெயைத் தேர்ந்தது. அத்தேர்வால் வேறொரு தொல்லை விளைந்தது. அவ்வெந்திரங்கள் பேரொலி எழுப்பின. பகலில் வெண்புகையையும் இரவில் தீப்பொறிகளையும் கக்கின. புகையை வெளியேற்ற மேல்தளத்தில் நீண்ட குழாய் ஒன்றை நிறுத்த வேண்டும். மூழ்குவதற்கு முன் அதனை மடக்க வேண்டும். மறைந்து வாழ வேண்டிய கலம் தன் இருப்பைத் தானே பறைசாற்றிக்கொண்டு ஓடியது என்றால் மிகையாகாது. 1913 முதல் டீசல் எந்திரம் பொருத்திய யூ-19 வகை நீர்மூழ்கிகள் வந்துவிட்டன. ஆகவே 1914இல் போர் மூண்டபோது, யூ-9 நான்கே வயதான பழங்கலம்.

அதன் முதல் போர்ப் பயணமும் நன்றாக அமையவில்லை. ஆகஸ்டுத் தொடக்கத்தில், ஆங்கிலேயக் கப்பற்படையைத் தேடிப் பத்து நீர்மூழ்கிகள் ஹெலிகோலாந்துத் தீவிலிருந்து வடக்கே சென்றன. யூ-9 எந்திரக் கோளாற்றால் இடைவழியிலேயே திரும்பியது. அப்பயணத்தில் யூ-13 திரும்பி வரவில்லை. யூ-15 கலத்தை ‘பர்மிங்காம்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல் மோதிப் பிளந்தது. பத்தில் இரண்டை இழந்தும் எதிரியின் கப்பல் ஒன்றைக்கூட அவர்கள் மூழ்கடிக்கவில்லை. நீர்மூழ்கியைப் பெரிய படைக்கலமாக எண்ணாதிருந்தவர்களுக்கு இம்முடிவு நிறைவளித்திருக்கும். ஆனால் செப்டம்பர் 5ஆம் நாள் யூ-21, ‘பாத்ஃபைண்டர்’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலை ஒரே டார்ப்பிடோவால் மூழ்கடித்தது. அவ்வெச்சரிக்கை உரிய செவிகளை உரிய வேகத்தில் எட்டவில்லை.

யூ-9இன் தலைவர் ஓட்டோ வெடிகன், 1880இல் ஹெர்ஃபோர்டு நகரில் பிறந்தவர். அவருக்கு அடுத்த நிலை அதிகாரி யோகன்னஸ் ஸ்பீஸ். இவர்களின் கலத்தில், போர் தொடங்குமுன் ஜூலை மாதத்தில் நிகழ்ந்த ஒரு பயிற்சியை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். அதுவரை நீர்மூழ்கிகள் குழாயிலுள்ள கணைகளைச் செலுத்தியபின், மேலே எழுந்தே அடுத்த கணைகளை ஏற்றின. ஜூலை 16ஆம் நாள் யூ-9இன் மாலுமிகள் மூழ்கிய நிலையிலேயே குழாய்களில் கணைகளை ஏற்றிக் காட்டினர். கணை ஒன்று வெளியேறினால் கலத்தின் முன்பகுதி இலேசாகி மேலெழும். கையிருப்புக் கணையைக் குழாய்க்குள் நகர்த்தினால் பாரம் இடம் மாறும். அந்தத் தள்ளாட்டத்தைச் சரிசெய்ய, மாலுமிகளே குறுகிய இடைவழியில் முன்னும் பின்னும் ஓடித் தம் உடல் எடையை எடைக்கல்லாக்கினர். இரண்டு மாதம் கழித்து இப்பயிற்சியின் பயன் தெரிந்தது.

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். ஒல்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், ‘அகன்ற பதினான்கு’ என்று மாலுமிகள் பெயரிட்ட ஆழங்குறைந்த கடற்பகுதி ஒன்று உண்டு. அங்கே ‘அபூக்கிர்’, ‘ஹோக்’, ‘கிரெஸ்ஸி’ என்னும் மூன்று ஆங்கிலேயக் கவசக் குரூசர்கள் காவல் புரிந்தன. ஒவ்வொன்றும் 12,000 டன். 1899, 1900ஆம் ஆண்டுகளில் நீரில் இறக்கப்பட்டவை. பெயர்கள் மூன்றும் பிரெஞ்சுக்காரருக்கு எதிரான ஆங்கிலேயர் வெற்றிகளைக் குறித்தவை. 1914இலோ பிரெஞ்சுக்காரர் நட்பினர். பெயர்கள் நிலைத்திருக்கப் பகை மட்டும் இடம் மாறியது விந்தைதான்.

இக்கப்பல்களில் பணியாற்றியோருள் பெரும்பாலோர் போருக்கென மீண்டும் அழைக்கப்பட்ட பழைய படையினர், குடும்பத்தினர். அவர்களோடு டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியிலிருந்து நேரே அனுப்பப்பட்ட பதினைந்து வயது அளவிலான மாணவர்களும் இருந்தனர். கடற்படையினரே இவ்வணியைத் ‘தூண்டிலில் கோத்த உயிரிரை’ என்று கேலியாகக் கூறிவந்தனர். நீர்மூழ்கிப் பிரிவின் தலைவர் ரோஜர் கீஸ் இக்கப்பல்களின் நிலை குறித்து எச்சரித்தார். கடற்படை அமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சிலும், செப்டம்பர் 22க்குச் சில நாள்களுக்கு முன்பு, இக்காவலால் பெறும் பயன் அதன் இடருக்கு ஈடாகாது என்று எழுதினார். புதிய கப்பல்கள் வரும்வரை பழையவையேனும் அங்கு நிற்கட்டும் என்ற வாதமே வென்றது. அத்துடன், இவ்வெச்சரிக்கைகளில் முதன்மையாக இருந்தது நீரின்மேல் வரும் ஜெர்மானியக் கப்பற்படையைப் பற்றிய அச்சம். அஞ்சியவர்களும் வேறு திசையை நோக்கியே அஞ்சினர்.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் வடகடலில் புயல் எழுந்தது. குரூசர்களுக்குத் துணைநின்ற சிறிய நாசகாரிக் கப்பல்கள் அலையைத் தாங்காது துறைமுகம் திரும்பின. அணித் தளபதியின் கப்பலும் நிலக்கரி ஏற்றச் சென்றுவிட்டது. மூத்த தலைவராக எஞ்சியவர் அபூக்கிரின் டிரம்மண்ட். நீர்மூழ்கி உலவும் கடலில் விரைவாகவும் வளைந்து வளைந்தும் செல்ல வேண்டும் என்பது அறிவுரை. எந்திரங்களோ பழையவை, விரைந்தால் நிலக்கரி மிகுதியாகச் செலவாகும். இத்தகைய அலையில் நீர்மூழ்கி எங்கே வரப்போகிறது என்ற எண்ணமும் இருந்தது. மூன்று கப்பல்களும் மணிக்கு ஏறத்தாழ 10 கடல்மைல் வேகத்தில், இரண்டு கடல்மைல் இடைவெளி விட்டு, நேர்க்கோட்டில் சென்றன.

யூ-9 அங்கு வந்ததும் திட்டமிட்டதன்று. பெல்ஜியக் கரைக்குச் செல்லும் ஆங்கிலேயப் படைக் கப்பல்களைத் தாக்கவே அது புறப்பட்டது. திசைகாட்டி பழுதுபட்டதால் வழி தவறியது. புயலுக்குத் தப்ப நீரடியில் பதுங்கியது. செப்டம்பர் 22 காலையில் கடல் தணிந்திருந்தது. மேலே வந்து மின்கலங்களுக்கு மின்னேற்றிக்கொண்டிருந்தபோது, தொடுவானில் பாய்மரக் கம்பங்களும் புகையும் தெரிந்தன. உடனே மூழ்கி, பெரிஸ்கோப் என்னும் நோக்குகுழாயை மட்டும் அவ்வப்போது உயர்த்தி நெருங்கியது.

காலை 6.20 மணியளவில், ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவிலிருந்து முதல் கணை பாய்ந்தது. அது அபூக்கிரின் பக்கத்தைப் பிளந்தது. கண்ணிவெடியில் மோதிவிட்டதாக டிரம்மண்ட் கருதினார். உதவிக்கு அருகே வருமாறு மற்ற இரு கப்பல்களுக்கும் அறிவித்தார். அரை மணிக்குள் அபூக்கிர் கவிழ்ந்தது.

இதனிடையே நீருக்கடியில், ஜூலையில் கற்ற பாடம் செயலாயிற்று. காலியான குழாயில் கையிருப்புக் கணை ஏறியது. ஹோக் கப்பலோ ஏறத்தாழ நின்ற நிலையில், படகுகளை இறக்கி, தண்ணீரில் தத்தளித்தோரை ஏற்றிக்கொண்டிருந்தது. வெடிகன் முன்குழாய்கள் இரண்டிலிருந்தும் கணைகளைச் செலுத்தினார். இரண்டின் எடையும் ஒருங்கே நீங்கவே, யூ-9இன் முன்பகுதி நீர்ப்பரப்பைப் பிளந்து மேலே தெரிந்தது. ஹோக் சுட்டது, ஆயினும் அதன் முடிவு உறுதியாகிவிட்டிருந்தது. ஏறத்தாழ 7.15 மணிக்கு அதுவும் மறைந்தது.

இப்போது அது கண்ணிவெடியன்று, நீர்மூழ்கியே என்று கிரெஸ்ஸியின் தலைவர் அறிந்திருந்தார். ஆயினும் நீரில் நூற்றுக்கணக்கானோர் மிதந்துகொண்டிருக்க, அவருடைய படகுகள் மீட்பில் ஈடுபட்டிருக்க, கிரெஸ்ஸி விலகிச் செல்லவில்லை. வெடிகன் தம் கலத்தைத் திருப்பிப் பின்குழாய்களிலிருந்து இரு கணைகளைச் செலுத்தினார், ஒன்று தாக்கியது. மின்கலங்களில் மின்சாரம் தீரும் நிலை. எஞ்சிய கடைசிக் கணையை முன்குழாயில் ஏற்றி 7.30 மணியளவில் செலுத்தினர். 7.55 மணிக்குக் கிரெஸ்ஸி மூழ்கியது.

ஒன்றரை மணி நேரம், ஆறு கணைகள், அவற்றுள் ஐந்து இலக்கில் பட்டன. இறந்தோர் 1,459 பேர், பிழைத்தோர் 837 பேர். பிழைத்தோருள் வென்மன் விக்கம்-மஸ்கிரேவ் என்னும் பதினைந்து வயதுக் கடற்படை மாணவரும் ஒருவர். அபூக்கிரிலிருந்து நீந்தி ஹோக்கை அடைந்தார். அது மூழ்கவே கிரெஸ்ஸியில் ஏறினார். அதுவும் மூழ்கியபின் மிதக்கும் கட்டையொன்றைப் பற்றிக்கிடந்து, டச்சு மீன்பிடிக் கலத்தாரால் மீட்கப்பட்டார். ‘ஃப்ளோரா’, ‘டைட்டன்’ என்னும் டச்சுக் கப்பல்கள் முதலில் உதவிக்கு வந்தன. ஒல்லாந்து போரில் சேராத நாடு. கண்ணிவெடிகளும் நீர்மூழ்கிகளும் சூழ்ந்த நீரில் அவற்றின் தலைவர்கள் துணிந்து கப்பல்களை நிறுத்தினர். இவ்வரலாற்றில் வெடிகனின் பெயர் நினைக்கப்படும் அளவுக்கு அவர்களின் செயல் நினைக்கப்படாதது எமக்குக் குறையாகவே தோன்றுகிறது.

இத்துணைப் பேரழிவை ஒரே நீர்மூழ்கி விளைத்தது என்பதை முதலில் பலர் நம்பவில்லை. பல நீர்மூழ்கிகள் சூழ்ந்து தாக்கியதாகப் பிழைத்தோர் கூறினர். நான்கு ஆண்டு முன்பு செய்த, புகை கக்கும், எந்திரம் பழுதாகும் படகு ஒன்று, ஆறு கணைகளைக் கொண்டு 36,000 டன் எடையுள்ள மூன்று கப்பல்களை அழிக்கக்கூடும் என்ற கணக்கு அவர்கள் மனத்தில் இருந்ததே இல்லை. அந்தக் கணக்கு இல்லாமையே யூ-9இன் வலிமை என்று நாம் கருதுகிறோம். கலத்தின் ஆற்றலை அளந்தால் அது எளியது. வேகத்தைக் கூட்டி, வளைந்து சென்றிருந்தால், மூழ்கிய நிலையில் மணிக்கு 8 கடல்மைல் மட்டுமே செல்லும் யூ-9 அவற்றை நெருங்கியிருப்பது அரிது. முதல் கப்பல் தாக்குண்டதும் மற்றவை விலகியிருந்தால், இழப்பு ஒன்றோடு நின்றிருக்கலாம்.

இங்கே ஒரு வேதனையான முரண் உண்டு. ஹோக்கையும் கிரெஸ்ஸியையும் அழித்தது மனிதநேயம். துன்புற்றோரைக் கைவிடலாகாது என்பது கடலோடிகள் எல்லோர்க்கும் பொதுவான பழைய அறம். அதன்படி நின்றவர்கள் மாண்டனர். இதன்பின் ஆங்கிலேயக் கடற்படைத் தலைமையகம், நீர்மூழ்கி உலவும் இடத்தில் பெருங்கப்பல் எதுவும் தாக்குண்ட கப்பலுக்காக நிற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆணை போர்முறைக்குச் சரியானதே. எனினும், நீரில் கைநீட்டி அழைப்பவரைக் கடந்து செல்வதைக் கடமையாக்கிய நாள் அது என்பதையும் மறக்க இயலாது. அவ்வாறு இறந்தோரின் எண்ணிக்கையை எந்த ஆவணத்தில் தேடுவது?

கிரெஸ்ஸி மறைந்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் சென்றபின், சென்னையில் இரவு 9.30 மணியளவில் எம்டனின் விளக்கொளி பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குகள்மீது விழுந்தது. அங்கு உயிரிழந்தோர் மிகச் சிலர். ஆனால் தீயை ஊரே கண்டது; மக்கள் நகரை விட்டு ஓடினர்; கதைகள் பெருகின; தமிழுக்கு ஒரு சொல் கிடைத்தது. ஒரே நாளில் நிகழ்ந்த இரண்டு தாக்குதல்களில், உயிர்ச்சேதம் பன்மடங்கு மிகுந்தது வடகடலில். தமிழில் நிலைத்ததோ எம்டன். கண்முன் எரிந்த தீ சொல்லாகும். ஏழு கடலுக்கு அப்பால், கண்ணுக்கே புலப்படாத படகு செய்த செயல் செய்தித்தாளின் ஒரு பத்தியாகவே நின்றுவிடும். சொற்பிறப்பை ஆராயும் மாணவர்கள் இதனையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

வெடிகன் ஜெர்மனி திரும்பியபோது நாடே கொண்டாடியது. அவருக்கும் மாலுமிகள் அனைவருக்கும் இரும்புச் சிலுவை வழங்கப்பட்டது. ஆங்கிலேயர் பாடம் கற்றனரா எனின், முற்றும் கற்கவில்லை. அக்டோபர் 15ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு அப்பால், ‘ஹாக்’ என்னும் பழைய குரூசர், துணைக்கப்பல் ஒன்றிடமிருந்து அஞ்சல் பெறுவதற்காக நின்றது. பின்னர் அணியோடு சேர விரைகையில் யூ-9இன் டார்ப்பிடோ அதனைத் தாக்கியது. சில நிமிடங்களில் கவிழ்ந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீட்டிலிருந்து வந்த கடிதங்களுக்காகக் கப்பலை நிறுத்தினர் என்பதைப் படிக்கும்போது அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. இவ்வெற்றிக்காக வெடிகன், ஜெர்மனியின் உயரிய ‘பூர் ல மெரித்’ விருதைப் பெற்றார்.

1915 ஜனவரியில் யூ-9இன் பொறுப்பு ஸ்பீஸிடம் வந்தது. போரின் தன்மையும் மாறியது. பிப்ரவரியில் ஜெர்மனி, பிரிட்டனைச் சூழ்ந்த கடல் முழுவதையும் போர்க்களமாக அறிவித்தது. நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை வேட்டையாடத் தொடங்கின. நான்கு போர்க்கப்பல்களை அழித்த யூ-9, அவ்வாண்டில் மூழ்கடித்தவை பெரும்பாலும் சிறிய மீன்பிடிக் கலங்கள். அவற்றின் எடையனைத்தையும் கூட்டினாலும் கிரெஸ்ஸி ஒன்றிற்கு ஈடாகாது. ஆனால் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அதன் கலமே முழுச் சொத்து. எண்ணிக்கைப் பட்டியலில் இது தெரிவதில்லை.

வெடிகன் யூ-29 என்னும் புதிய நீர்மூழ்கிக்குத் தலைவரானார். 1915 மார்ச் 18ஆம் நாள் ஸ்காட்லாந்தின் வடக்கே, பென்ட்லண்டு நீரிணைக்கு அருகில், ஆங்கிலேயப் பெருங்கப்பற்படையின் நடுவே அவருடைய கலத்தின் நோக்குகுழாய் வெளிப்பட்டது. ‘டிரெட்நாட்’ என்னும் பெரும்போர்க்கப்பல் திரும்பி, வேகங்கூட்டி, அதன்மீது மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 34. பெரும்போர்க்கப்பல் ஒன்று மோதி மூழ்கடித்த நீர்மூழ்கி அது ஒன்றே.

யூ-9 தன் தலைவரை விட நெடுநாள் வாழ்ந்தது. 1916 ஏப்ரலுக்குப் பின் அது போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. புதிய மாலுமிகளுக்குப் பயிற்சிக் கலமாயிற்று. போர் முடிந்ததும், 1918 நவம்பர் 26ஆம் நாள் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1919இல் மோர்க்கம் என்னும் இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் உடைத்துப் பிரிக்கப்பட்டது. அதனால் மூழ்கிய மூன்று குரூசர்களும் ஒல்லாந்துக் கரைக்கு அப்பால் கடலடியிலேயே கிடந்தன. 1954இல் பிரிட்டிஷ் அரசு அவற்றின் உலோகத்தை எடுக்கும் உரிமையை விற்றது. வாங்கியது ஒரு ஜெர்மானியக் கம்பெனி.